இடப்பக்கத்துக் கரையும் பத்துக் கோட்பாடும்

வாலாஜாபாத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது காஞ்சிபுரம் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். எங்கள் பினாங்கில் இப்படி நடந்திருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் பேருந்து முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். இங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஓர் அம்மாள் தலைச்சுமையை இறக்கி வெள்ளரிப்பிஞ்சு விற்க ஆரம்பித்தாள். முதல் போணி நடத்துனர். சித்திரை வெயிலில் மிளகாய்த்தூள் தடவிய பிஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றபோது, அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அவசரம் என்று புரிந்தது. ஏழாம் நாள் நான் சென்னையில் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் ஒரு பட்டுச் சேலை கைக்கு வந்தாக வேண்டும்.

சேலை என் அண்ணன் மகளுக்கு. வைகாசியில் கல்யாணம். அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை, இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காத கோர்வை என்று அண்ணி தாளில் கோடு போட்டுக் காட்டி, காஞ்சிபுரத்துக் கடை ஒன்றுக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தாள். தபாலில் வந்தால் பச்சை வேறு பச்சையாகிவிடும் என்று அவளுக்குப் பயம். வீட்டில் பள்ளி விடுமுறையோடு சும்மா இருக்கும் நாத்தனார் ஒருத்தி இருந்தால் என்ன செய்வார்கள்? கப்பலேற்றி விட்டார்கள்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அது உலகமெங்கும் குழந்தைகள் ஆண்டு என்று கொண்டாடிய ஆண்டு. எங்கள் ஆசிரியர்கள் கண்காட்சி ஒன்று வைப்பதென்று முடிவு செய்து, உலக நாடுகளெல்லாம் கூடி இருபது ஆண்டுக்கு முன் நிறைவேற்றிய குழந்தை உரிமைப் பிரகடனத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மொத்தம் பத்துக் கோட்பாடுகள். பிறக்கும்போதே ஒரு பெயரும் ஒரு நாடும் வேண்டும் என்பது மூன்றாவது. கட்டணமில்லாத கட்டாயப் படிப்பு, கூடவே விளையாட்டு என்பது ஏழாவது. உரிய வயது வருமுன் பிள்ளையை வேலையில் வைக்கக் கூடாது, படிப்பையோ உடம்பையோ கெடுக்கும் எந்தத் தொழிலிலும் இறக்கக் கூடாது என்பது ஒன்பதாவது. கப்பலிலேயே எட்டை முடித்திருந்தேன். மீதியைக் காஞ்சிபுரத்து விடுதியில் மின்விசிறிக்கடியில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் மிதிவண்டி ரிக்ஷாவில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். விபத்து வந்தால் முதலில் நாம். இங்கே மிதிப்பவர் முன்னால் இருந்ததால் அவருடைய முதுகோடுதான் பேச வேண்டியிருந்தது. சின்ன மேடு ஒன்றில் வண்டி மூச்சு வாங்கியது. அவர் திரும்பிப் பார்த்து, கோவிச்சுக்காதீங்கம்மா, மேடு தாண்டினதும் ஏறிக்கலாம் என்றார். நான் இறங்கினேன். வண்டி உடனே குதித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை அந்த ஊரின் பேர்போன இட்லியைச் சாப்பிட்டேன். இட்லி என்றால் நம் உள்ளங்கை இட்லி இல்லை. மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி, மணிக்கணக்காக வேகவைத்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். மிளகும் சுக்கும் சீரகமும் நெய்யும் ஒன்றாக வந்து தொண்டையைப் பிடிக்கின்றன. இரண்டு துண்டில் வயிறு அடைத்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஜமக்காளத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சேலை தறியில் இருக்கிறது, ஒன்றரை முழமும் முந்தியும்தான் பாக்கி, நான் புறப்படும் நாளுக்குள் முடிந்துவிடும் என்றார். தறியிலேயே பார்க்க வேண்டும் என்றேன். எதற்கம்மா வெயிலில் என்று தயங்கினார். நான் விடவில்லை. அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். இந்த அம்மா சேலை வாங்க வந்தவளா, சோதனை போட வந்தவளா என்று ஒருவர் கேட்க, பெண்ணைக் கொடுக்கப் போகிறவள் மாதிரி வீட்டைப் பார்க்கணுமாம் என்றார் மற்றவர். பினாங்கில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்கர் வீடு என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் சிரிக்காமல் மோரைக் குடித்தேன்.

கடைக்காரர் ஒரு பையனைத் துணைக்கு அனுப்பினார். நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததும் அவன் வழிகாட்டவும் தேவையில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு சந்தில் பாவு நூலை, சேலையில் நீளவாட்டில் ஓடும் நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாவுக்கு மனிதர்கள்தான் வழிவிட வேண்டும். குனிந்து போனேன். கூட வந்த கடைப்பையன் சாயத் தண்ணீர் ஓடிய சாக்கடையை எட்டித் தாண்டினான். நான் தாண்டியதில் செருப்பு மட்டும் ஊதாவாயிற்று.

நெசவாளர் பெயர் ஏகாம்பரம். நாற்பது வயதிருக்கும். இடுப்பு வரை தறிக்குழிக்குள் இருந்ததால் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அவருக்கு இடப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. பெயர் குமுதா. இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன்.

கோர்வை என்ற சொல்லை அண்ணி வாயால் நூறு முறை கேட்டிருக்கிறேன். அது எப்படி உண்டாகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் உள்ள ஓடத்தை இங்கே நாடா என்கிறார்கள். சாதாரணச் சேலைக்கு ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நிற்க வேண்டுமென்றால் மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவருக்குக் கை இரண்டுதானே? உடலையும் வலப்பக்கக் கரையையும் அவர் பார்த்துக்கொள்வார். இடப்பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் அரக்கு நூலைப் பச்சை நூலோடு பின்னி, நாடாவைத் திருப்பி அனுப்ப வேண்டும். குமுதா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அப்பா மிதிக்கும் சத்தம் கேட்கும், இவள் விரல் போய் வரும். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அண்ணி கேட்ட பச்சை அங்கே விரல் விரலாக வளர்ந்துகொண்டிருந்தது. சொன்னால் என்ன, எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டேன். ஆசிரியைக்கு வேறு கேள்வி வராது. ஏழாவது என்றாள். பரீட்சை எப்போது? அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி நான்கு நாள் என்றாள். படித்துவிட்டாயா என்றதற்கு அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாவு நூலைப் பார்த்தார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா. பிள்ளை பெற்று இருபது நாள். இடப்பக்கத்துக் கரை அவளுடைய வேலையாம். அவள் படுத்ததிலிருந்து மகள் உட்காருகிறாள். பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்று சொன்னாள்:

"இவ படிப்பு நிக்கணும்னு யாருமா நெனைக்கிறாங்க? நான் எழுந்து குந்துற வரிக்கும் அவதான் கரை போடணும். உங்க சேலை அவசரம்னு கடையில சொல்லிட்டாங்க. வெளியூர்லேர்ந்து ஆள் வந்துக்கினு இருக்குதுன்னாங்க."

அந்த வெளியூர் ஆள் நான்தான். பரீட்சை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தேன். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்றார்கள். அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளி அப்படித் தங்கிப்போன இரண்டு பெண்கள் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. தம்பி தங்கைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வெட்கம், வீட்டில் தறி சும்மா கிடக்கிறது, போய் என்ன ஆகப் போகிறது என்று நாள் போய்விட்டதாம். சரோஜா இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, ஓடு ஒழுகியது என்கிற மாதிரிச் சொன்னாள்.

விடுதிக்கு வந்து மொழிபெயர்ப்பை எடுத்தேன். எந்தக் கோட்பாட்டில் நிறுத்தியிருந்தேன் என்று பார்த்தால் ஒன்பதாவது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் அறிவு கொஞ்சம் பின்தங்கிவிடும். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் காலை இட்லியைக் கூடத் தொடாமல் கடைக்குப் போய், அங்கிருந்த நாலு வாடிக்கையாளர் முன்னால், பிள்ளை கையால் நெய்த சேலை எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். தாளை எடுத்து ஆங்கிலத்திலிருந்த ஒன்பதாம் கோட்பாட்டைத் தமிழாக்கி வாசித்தும் காட்டினேன். கடைக்காரர் கடைசி வரை கேட்டார். நல்ல விஷயம்தான் என்றார். அப்படியானால் வேறு வீட்டில் முடிந்து தயாராக இருக்கும் அதே மாதிரிச் சேலையைத் தருகிறேன் என்றார். அந்த வீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தது யார் என்று கேட்டேன்.

"எல்லா வீட்லயும் யாராச்சும் இருக்காங்கம்மா. நான் எட்டிப் பாக்கறதில்ல."

கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தேன். எட்டிப் பார்க்க வேண்டியவர் யார் என்று பிரகடனத்தில் இல்லை. அது சட்டமே இல்லை, நாடுகள் சேர்ந்து சொன்ன வாக்கு. கையெழுத்துப் போட்டுக் கட்டுப்படும்படியான உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று அந்த ஆண்டுதான் எங்கோ உட்கார்ந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். அது முடிகிறவரை குமுதாவின் ஏழாம் வகுப்பு காத்திருக்குமா?

மதியம் விடுதி வாசலில் ஏகாம்பரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் பேச்சு முடிந்த அரை மணியில் கடையிலிருந்து ஆள் போயிருக்கிறது. வாடிக்கையாளரிடம் வீட்டு விஷயத்தைப் பேசுகிற தறிக்கு நெய்ய அடுத்த பாவு நூல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். இந்தச் சேலை முடிந்ததும் தறி காலியாக நிற்கும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க நல்லதுக்குத்தான்மா பேசினீங்க. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்."

இதைச் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார். மறுபடி கடைக்குப் போனேன். காலையில் பேசிய வாயாலேயே மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானாகக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டேன், பாவு கொடுப்பதை நிறுத்தினால் பழி என்மேல்தான் என்றேன். கடைக்காரர் மறுபடி மோர் கொடுத்தார். பாவு வரும் என்றார். அந்த மோரை விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆக, என் ஆவேசத்தால் நடந்தது இவ்வளவுதான்: ஒரு குடும்பத்துக்கு அரை நாள் கிலி. குமுதா அப்போதும் இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் அமாவாசை. காலையில் எழுந்ததும் ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது போலிருந்தது. பிறகுதான் விளங்கியது, தறிச் சத்தம் இல்லை. அமாவாசையன்று இங்கே தறி ஓடாது. தறிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் அன்று முழுதும் அதைத் தொடக் கூடாது. எந்த அவசரச் சேலையும், எந்தக் கல்யாணமும், எந்தக் கடைக்காரரும் அந்த நாளை அசைக்க முடியாது என்று விடுதிக்காரர் சொன்னார்.

பத்து மணிக்குக் குமுதா வந்தாள். வெளியூர் அம்மாவுக்குக் கோயிலைக் காட்டிவிட்டு வா என்று அவள் அம்மா அனுப்பியிருந்தாள். முந்தின நாள் நான் செய்த காரியத்துக்குப் பிறகும் அனுப்பியிருந்தாள். போகிற வழியில் எனக்குக் கோயில் கதை ஒன்றும் சொல்லவில்லை. பினாங்கில் கடல் எந்தப் பக்கம், மலாய்க்காரர்கள் புட்டு தின்பார்களா, டீச்சர்களுக்கு அடிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அடிக்க அனுமதி உண்டு, எனக்குத்தான் கை வராது என்றேன். நம்பாமல் என் கையைப் பார்த்தாள்.

குளத்துப் படியில் நிழலான இடத்தில் உட்கார்ந்தோம். என் பையில் என்ன தாள் என்று கேட்டாள். முந்தின இரவுதான் பத்தையும் எழுதி முடித்திருந்தேன். கொடுத்தேன். ஆங்கிலத்தை விட்டுவிட்டு என் தமிழை எழுத்துக்கூட்டாமல், வேகமாக, வாய்விட்டுப் படித்தாள். நல்ல உச்சரிப்பு. பேச்சில் ஊர் வழக்கு, படிப்பில் சுத்தத் தமிழ். இரண்டு இடத்தில் நிறுத்தி, என் வாக்கியம் நீளம் என்றாள். நீளம்தான். பிறகு திருத்தினேன்.

பத்தாவதையும் படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

"அவ்ளோதானா டீச்சர்?"

அவ்வளவுதான் என்றேன்.

"பேர் குடுக்கணும், சோறு குடுக்கணும், படிப்பு குடுக்கணும், வேலைல வைக்கக் கூடாது. அல்லாம் பெரியவங்க செய்யணும், பெரியவங்க செய்யக் கூடாதுன்னே இருக்குது. எங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒண்ணுலகூட இல்லியே?"

தாளை வாங்கி நான் மறுபடி படித்தேன். ஆங்கிலத்தையும் படித்தேன். பத்து முறை எழுதி அடித்து எழுதியவள் நான். ஒரு முறையாவது அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? குழந்தையின் நலனே முதன்மை என்று இருந்தது. அந்த நலன் எது என்று குழந்தையையும் கேட்க வேண்டும் என்று இல்லை. பிரகடனத்தை விடுங்கள். மூன்று நாளில் நான் கடைக்காரரிடம் பேசினேன், ஏகாம்பரத்திடம் பேசினேன், சரோஜாவிடம் பேசினேன். இந்தப் பெண்ணிடம் எந்த வகுப்பு, பரீட்சை எப்போது என்பதைத் தவிர என்ன கேட்டேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதாவது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் உடனே சொல்லிவிட்டாள், யாராவது கேட்கட்டும் என்று நெடுநாள் காத்திருந்தவள் போல:

"பரீட்சை எழுதணும். கணக்குல நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு. கரை போடறதும் எனக்குப் பிடிக்கும் டீச்சர், பொய் சொல்லல. ஆனா பரீட்சை அன்னிக்குப் பிடிக்காது. அப்பாகிட்ட கேட்டா பாவம், அது இன்னா பண்ணும்? ரெண்டு கைதானே அதுக்கு."

நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. பரீட்சை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. அந்த மூன்று மணி நேரம் இடப்பக்கத்தில் நான். குமுதா குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், வாங்கலாமா வேண்டாமா என்று கத்தரிக்காயைப் பார்க்கிற மாதிரி.

சொல்லிக்கொடுப்பதில்தான் சிக்கல். அன்று தறியைத் தொடக் கூடாது. பரீட்சையன்று காலையில் நேரம் இருக்காது. அவள் தன் ரிப்பனை அவிழ்த்தாள். பையிலிருந்த என் தையல் நூலை ரிப்பனோடு பின்னச் சொன்னாள். என் சீப்புதான் நாடா. மேலே, கீழே, கோத்துக்கோங்க, இழுங்க, ரொம்ப இழுக்காதீங்க, கரை சுருங்கிடும். பாதியில் நிறுத்தி, தறியைத் தொடாவிட்டாலும் அமாவாசையன்று தறி வேலை சொல்லிக்கொடுப்பது தப்பா என்று கேட்டாள். சீப்புக்குக் கணக்கில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எதிர்ப்படியில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர், பெரியம்மாவுக்குச் சடை பின்னத் தெரியல போல என்று தம் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் காலை ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டேன். இந்த முறை அவரிடம் முதலில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பலகையின் அகலத்தைப் பார்த்தார். குமுதா சீருடையில் பரீட்சை அட்டையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். போ என்று அவளுக்குத் தலையசைத்தார். உட்காருங்க என்று எனக்கு.

மூன்று மணி நேரம். கால் மரத்தது, கழுத்து பிடித்தது, கண்ணில் வியர்வை இறங்கியது. அவர் ஒரு மிதி மிதித்து நாடாவை அனுப்புவார். நான் நூலைத் தேடுவேன். அவர் காத்திருப்பார். நான் கோத்து இழுப்பேன். அடுத்த மிதி. நாலு தடவைக்கு ஒரு தடவை இழை தப்பியது. சரிதானா என்று கேட்டால், போடுங்கம்மா என்பார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சரோஜா நடுவில் எனக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுந்து வந்து என்னைத் தள்ளிவிட்டு உட்காரக் கை துடித்திருக்கும். எனக்கோ ஒரு கட்டத்தில் கை பழகிவிட்டது போலத் தோன்றியது. நான்கு விரல் அகலம் நெய்திருந்தோம். கல்யாணச் சேலையில் என் கையும் இருக்கிறது என்று அண்ணிக்கு மனத்துக்குள் கடிதமே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்றேகாலுக்குக் குமுதா ஓடி வந்தாள். தமிழ்த்தாள், எல்லாம் எழுதினேன் என்றாள். பிறகு குனிந்து கரையைப் பார்த்தாள். முகம் மாறியது. என்னை விட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஊடையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வோர் இழையாக, நிதானமாக. நான் இழுத்த இடமெல்லாம் கரை உள்வாங்கி, பச்சைக்குள் அரக்கு புகுந்து பல்லிளித்தது. நான்கு விரலும் பிரிந்தது.

முதல் கால் மணியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை, ஏன் மூன்று மணி நேரம் வீணாக மிதித்தீர்கள் என்று கேட்டேன்.

"நிறுத்தினா தறி சும்மா நிக்கும்மா. தறி சும்மா நின்னா, பொண்ணைப் போய் இட்டுக்கினு வரச் சொல்லி மனசு சொல்லும். நீங்க குந்தியிருந்தா சொல்லாதில்ல, அதான் மிதிச்சுக்கினு இருந்தேன்."

பிரித்த நூலைச் சுற்றி ஓரமாக வைத்தார். குழியிலிருந்து ஏறி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் நாளைக்கு என்ன பரீட்சை என்று கேட்டார். கணக்கு என்றாள். அப்புறம் என்னிடம் சொன்னார்:

"அமாவாசைக்கு நிறுத்தறோம், யாரு கேக்கறாங்க? இன்னும் மூணு நாளு இந்தத் தறிக்கு அமாவாசைன்னு வெச்சுக்கறேன். ஆனா உங்க சேலை நாளைக்கு ஆவாதும்மா. கடையில நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக நான் கடைக்காரரை மாற்றப் பார்த்தேன், நெசவாளரை மாற்றப் பார்த்தேன், என் விரலைக்கூட மாற்றப் பார்த்தேன். மாற வேண்டியது என் தேதி ஒன்றுதான். சேலை வரும்போது வரட்டும் என்று இரண்டாம் நாளே நான் சொல்லியிருந்தால், இந்தப் பெண் இடப்பக்கத்திலிருந்து எழுந்து புத்தகத்தை எடுத்திருப்பாள். அதை நான் நினைக்காமல் இல்லை. நினைத்து, அண்ணியின் முகம் ஞாபகம் வந்து, தள்ளி வைத்தேன். மற்றவர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தாளை வைத்து வாசித்தவள், என் பங்குக்கு ஒரு தேதியை விட்டுக்கொடுக்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் எழுதித் தரச் சொன்னார். தாமதம் என் வசதிக்காக, நெசவாளர் மேல் குற்றமில்லை, சேலையைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் பயன். சேலை பினாங்குக்குக் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பச்சை அதே பச்சைதான். அண்ணி என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

ஆறாம் நாள் காலை பெட்டியோடு ரிக்ஷா ஏறினேன். முதல் நாள் வந்த அதே வண்டிக்காரர்தான். ஏறும்போதே, இந்தப் பக்கம் மேடு கிடையாதும்மா என்று ஆறுதல் சொன்னார். பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டும்போது எதிரே குமுதா வந்துகொண்டிருந்தாள், இரண்டு தோழிகளோடு, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"டீச்சர், மணி அடிச்சுடும்."

அவ்வளவுதான். தோழிகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலுக்குள் போகும்வரை ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, ஒரு வார்த்தை எதிர்பார்த்திருந்தேன். இவளுக்காகக் கடையில் தலை குனிந்தேன், குழியோரம் முதுகொடிய உட்கார்ந்தேன், சேலை இல்லாமல் வெறுங்கையோடு போகிறேன், போய்வாருங்கள் டீச்சர் என்று நின்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பேருந்து நிலையம் வரை அந்தக் குறையோடுதான் போனேன். பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் கோபம் என்மேலேயே திரும்பியது. நன்றி என்பது கொடுத்தவருக்குச் சொல்வது. நான் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவளுடையதைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளில் ஒன்று என்னுடையது. அந்தக் கையை எடுத்தேன், அவ்வளவுதான்.